தயங்கியவன் கோழையா? ஹாம்லெட், மனோகரன், நம்ம ஊர்க் கதைகள்



ஒருத்தனோட அப்பாவை ஒருத்தர் கொன்னுட்டார். கொன்னது யாருன்னு மகனுக்குத் தெரியும். கையில் கத்தி இருக்கு. கொன்னவர் முதுகைக் காட்டிக்கிட்டு முன்னாடியே உட்கார்ந்திருக்கார். நம்ம சினிமாவா இருந்தா கிளைமாக்ஸ் மியூசிக் ஆரம்பிச்சிருக்கும். ஆனா உலகத்திலேயே அதிகமா பேசப்பட்ட பழிவாங்கும் கதையில் அந்த மகன் கத்தியை உறையில் போட்டுட்டு நடந்து போயிடுறான்.

அவன்தான் ஹாம்லெட். ஷேக்ஸ்பியர் 1600ஆம் ஆண்டு வாக்கில் எழுதின நாடகம். ரொம்பக் காலமா இவன் மேல ஒரே குற்றச்சாட்டு: "முடிவெடுக்கத் தெரியாதவன்". இந்தக் கட்டுரையில் அந்தக் குற்றச்சாட்டைக் கொஞ்சம் சோதிச்சுப் பார்க்கலாம். ஷேக்ஸ்பியர் நமக்கு எதுக்குன்னு கேட்கிறவங்களுக்கு: ஹாம்லெட்டுக்குத் தமிழ்ப் பேரே இருக்கு. அமலாதித்யன்.

அமலாதித்யன் வந்த கதை

தமிழ் நாடகத் தந்தைன்னு சொல்லப்படுற பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) தொழிலால் வக்கீல், பிறகு நீதிபதி. 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ஷேக்ஸ்பியரைத் தமிழுக்குக் கொண்டு வந்தப்போ ஊர், பேர் எல்லாத்தையும் நம்ம பக்கத்துக்கு மாத்தினார். மெக்பெத் 'மகபதி' ஆனான். வெனிஸ் நகர வணிகன் 'வாணிபுர வணிகன்' ஆனான். ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனான். அவரே சொந்தமா எழுதின நாடகம் 'மனோகரா'. அதுதான் 1954-ல் எல்.வி.பிரசாத் இயக்கத்தில், கலைஞர் வசனத்தில், சிவாஜி நடிச்சு படமா வந்தது. மனோகரனுக்கு அப்புறம் வருவோம். முதல்ல ஹாம்லெட்.

கதைச் சுருக்கம் (தெரிஞ்சவங்க அடுத்த பகுதிக்குப் போகலாம்)

டென்மார்க் ராஜா இறந்துடுறார். ரெண்டு மாசம்கூட முழுசா ஆகலை, ராணி கெர்ட்ரூட் ராஜாவோட தம்பி கிளாடியஸைக் கல்யாணம் பண்ணிக்கிறாங்க. கிளாடியஸ்தான் இப்போ ராஜா. ராத்திரி கோட்டை மேல ஒரு ஆவி வருது. "நான் பாம்பு கடிச்சு சாகலை. தோட்டத்தில் தூங்கும்போது என் தம்பி காதில் விஷம் ஊத்திட்டான். நீ பழிவாங்கு"ன்னு மகன்கிட்ட சொல்லுது.

ஹாம்லெட் பைத்தியம் மாதிரி நடிக்கிறான். ஊருக்கு வந்த நாடகக் குழுவை வெச்சு, அதே மாதிரி ஒரு கொலையை ராஜா முன்னாடி நடிக்க வைக்கிறான். கிளாடியஸ் பாதியில் எழுந்து போயிடுறான். குற்றம் உறுதி. அப்புறம் கிளாடியஸ் தனியா ஜெபம் பண்ணும்போது கொல்ல வாய்ப்பு கிடைச்சும் விட்டுடுறான். அடுத்த காட்சியிலேயே, அம்மா அறையில் திரைக்குப் பின்னாடி சத்தம் கேட்டதும் யாருன்னு பார்க்காம குத்திடுறான். செத்தது அமைச்சர் பொலோனியஸ். ஹாம்லெட் காதலிச்ச ஒஃபீலியாவோட அப்பா. அங்கிருந்து எல்லாம் சரியுது. நாடகம் முடியும்போது ஹாம்லெட்டையும் கிளாடியஸையும் சேர்த்து எட்டு பேர் செத்திருப்பாங்க.

ஏன் இந்தத் தாமதம்? நாலு பதில்கள்

முதல் பதில், சுபாவம். ஜெர்மன் கவிஞர் கதே 1795-96-ல் வந்த தன் நாவலில் ஒரு உவமை சொல்றார். பூ வைக்க வேண்டிய விலை உயர்ந்த ஜாடியில் ஓக் மரத்தை நட்டா என்ன ஆகும்? வேர் பெருக்கும், ஜாடி உடையும். ஹாம்லெட் அந்த ஜாடி, பழி அந்த மரம். பீங்கான் ஊர் விருத்தாசலம் பக்கத்துக்காரங்களுக்கு இந்த உவமை சட்டுனு புரியும். ஜாடி மோசமான சரக்கு இல்ல. அது தாங்க வேண்டிய லோடு வேற.

ரெண்டாவது பதில், யோசனை. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ், ஹாம்லெட் அளவுக்கு மீறி யோசிக்கிறதாலே அவனோட செயல் சக்தி கரைஞ்சு போகுதுன்னார். நம்மில் பலர் இந்த ஹாம்லெட்டைத்தான் ஹாஸ்டல் ரூம்ல தினமும் பார்க்கிறோம். கேட் எழுதலாமா, பிளேஸ்மென்ட் போகலாமான்னு மூணாம் வருஷத்தில் ஆரம்பிச்ச யோசனை எட்டாவது செமஸ்டர் வரைக்கும் ஓடும்.

மூணாவது பதில், மனசுக்குள்ள ஒளிஞ்சிருக்கிறது. ஃபிராய்ட் 1900-ல் எழுதினார்: சித்தப்பா செய்த குற்றம், ஹாம்லெட் சின்ன வயசில் தானே உள்ளுக்குள்ள ஆசைப்பட்டது, அதனால்தான் அவனைத் தண்டிக்கக் கை வரலை. இதை ஒத்துக்கிறதும் ஒத்துக்காததும் உங்க விருப்பம்.

நாலாவது பதில் எனக்குப் பிடிச்சது. ஆதாரம். ஹாம்லெட் கையில் இருக்கிறது என்ன? ஒரு ஆவியோட வாக்குமூலம். அந்தக் காலத்து நம்பிக்கைப்படி, சாத்தானே அப்பா வேஷம் போட்டு வந்து ஒரு நல்லவனைக் கொலைகாரன் ஆக்கலாம். நம்ம லேப் மொழியில் சொன்னா, ஒரே ஒரு ரீடிங், அதுவும் கேலிபிரேட் பண்ணாத கருவியிலிருந்து. அதை வெச்சு ஒரு மனுஷன் உயிரை எடுக்கலாமா? அதனால அவன் ஒரு சோதனையை டிசைன் பண்றான். அதுதான் அந்த நாடகத்துக்குள் நாடகம். தான் மட்டும் பார்த்தா சார்பு வந்துடும்னு நண்பன் ஹொரேஷியோவையும் ராஜா முகத்தையே கவனிக்கச் சொல்றான். நாடகம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஒப்பிட்டுப் பேசுறாங்க. ரெண்டு பார்வையாளர், ஒரே முடிவு. இதைக் கோழைத்தனம்னு சொல்ல முடியுமா?

இன்னொரு விஷயம். ஹாம்லெட் யார்கிட்ட போய்ப் புகார் கொடுப்பான்? குற்றவாளியே ராஜா. அந்த நாட்டில் ராஜாதான் நீதிபதி. அவனுக்குப் போலீஸ் ஸ்டேஷனும் இல்ல, கோர்ட்டும் இல்ல. விசாரணை, சாட்சி, தீர்ப்பு, தண்டனை எல்லாமே ஒரே இளைஞன் தலையில் விழுது.

பழைய கதையில் இந்தத் தயக்கம் கிடையாது

இந்தக் கதையை ஷேக்ஸ்பியர் புதுசா உருவாக்கலை. 1200ஆம் ஆண்டு வாக்கில் சாக்ஸோ கிராமட்டிகஸ் லத்தீனில் எழுதின டென்மார்க் வரலாற்றில் 'ஆம்லெத்' கதை இருக்கு. அதில் கொலை ரகசியம் இல்ல, எல்லாருக்கும் தெரியும். ஆம்லெத் பைத்தியமா நடிக்கிறது உயிர் தப்பிக்க. சரியான நேரம் வந்ததும் எதிரிகளை மொத்தமா முடிக்கிறான். அங்க இருக்கிறது காத்திருப்பு, தயக்கம் இல்ல.

ஷேக்ஸ்பியர் நாடகத்தில் இருக்கிற ஒரு முக்கியமான மாற்றம்: கொலை ரகசியம் ஆயிடுச்சு, சாட்சியா ஆவி வந்துடுச்சு. அந்த ஒரு மாற்றத்தில் தாமதத்தோட காரணம் வெளியிலிருந்து ஹீரோ மனசுக்குள்ள போயிடுச்சு. காத்திருக்கிறவனுக்கு என்ன செய்யணும்னு தெரியும், எப்போங்கிறது மட்டும்தான் பாக்கி. தயங்குறவனுக்குச் செய்யலாமாங்கிறதே கேள்வி. இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கோங்க.

அப்போ ஹாம்லெட் எங்க தவறினான்?

நாடகச் சோதனை முடிஞ்ச பிறகு ஆதாரம் கைக்கு வந்துடுச்சு. இனி 'உறுதி இல்லை'ன்னு சொல்ல முடியாது. ஜெபம் பண்ற கிளாடியஸைப் பார்த்து அவன் என்ன நினைக்கிறான்? "இப்போ கொன்னா இவன் சொர்க்கத்துக்குப் போயிடுவான். பாவம் பண்ணிக்கிட்டிருக்கும்போது கொன்னாதான் நரகம்." இது இரக்கம் இல்ல. நியாயம் அவனுக்குப் போதலை. அதுக்கும் மேல, வட்டியும் முதலுமா வேணும்.

அந்தக் கோபத்தோட அம்மா அறைக்குப் போறவன்தான் திரையைக் குத்துறான். ஆவி சொன்னதையே சோதிக்காம நம்பாதவன், திரைக்குப் பின்னாடி இருக்கிறது யாருன்னு ஒரு நொடி விலக்கிப் பார்க்கலை. பொலோனியஸ் செத்ததால் ஒஃபீலியா மனம் பேதலிச்சுத் தண்ணியில் மூழ்கிச் சாகுறா. அவ அண்ணன் லேயர்டீஸ் பழிவாங்க வர்றான். விஷம் தடவின வாள் வருது.

வகுப்பில் எல்லாரும் 'தாமதத்தால் அழிந்தான்'னு எழுதுவோம். வரிசைப்படி பார்த்தா, அவன் செய்த ஒரே அவசரக் காரியத்திலிருந்துதான் இந்தச் சாவுகள் தொடங்குது.

மூன்று மகன்கள்

இதை ஷேக்ஸ்பியரே ஒப்பிட்டுப் பார்க்க வழி வெச்சிருக்கார். நாடகத்தில் அப்பாவை இழந்த மகன்கள் மூணு பேர்.

ஹாம்லெட்: யோசிக்கிறான், சோதிக்கிறான், தள்ளிப் போடுறான்.

லேயர்டீஸ்: தயக்கமே இல்லாதவன். அப்பா செத்த சேதி கேட்டதும் கூட்டத்தைத் திரட்டிக்கிட்டு அரண்மனைக் கதவை உடைக்கிறான். கோவிலுக்குள்ளேயே ஹாம்லெட் கழுத்தை அறுப்பேங்கிறான். அந்த வேகத்தைத்தான் கிளாடியஸ் பயன்படுத்திக்கிறான். கோபத்தில் இருக்கிறவனை விஷ வாளை எடுக்க வைக்கிறது எவ்வளவு சுலபம்! கடைசியில் அதே வாளால் லேயர்டீஸும் சாகுறான். சாகுறதுக்கு முன்னாடிதான் உண்மை புரிஞ்சு ஹாம்லெட்கிட்ட மன்னிப்புக் கேட்கிறான்.

ஃபோர்ட்டின்பிராஸ்: நார்வே இளவரசன். அவன் அப்பாவைப் பழைய டென்மார்க் ராஜா சண்டையில் கொன்னிருந்தார். பழிவாங்கப் படை திரட்டினவனைச் சித்தப்பா கண்டிச்சதும் டென்மார்க் மேல போறதை விட்டுடுறான். கடைசிக் காட்சியில் பிணங்களுக்கு நடுவில் ராஜ்யம் அவன் கைக்குத்தான் வருது.

தேர்வுக்குப் படிக்கிறவங்க இந்த மூணு பேரையும் ஒரு டேபிளா போட்டுக்கோங்க. 'தயக்கம்' பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் உதவும்.

மனோகரன்: கட்டிப்போட்ட வாக்கு

இப்போ நம்ம ஆளு. மனோகரனோட அப்பா ராஜா புருஷோத்தமன் வசந்தசேனை பேச்சைக் கேட்டு ஆடுறார். அம்மா பத்மாவதி ஒதுக்கப்படுறாங்க. மகன் ரத்தம் கொதிக்குது. ஹாம்லெட் மாதிரி இவனுக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. யார் குற்றவாளின்னு தெரியும், வாளும் இருக்கு, அதை வீசுற கையும் இருக்கு. தடுக்கிறது ஒண்ணே ஒண்ணு: அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு.

சங்கிலியோட தர்பாருக்கு வந்து சிவாஜி பேசுற காட்சியை எல்லாரும் மீம்லயாவது பார்த்திருப்பீங்க. அந்த இரும்புச் சங்கிலியை அவனால உடைக்க முடியும். அம்மா பேச்சை உடைக்க முடியாது. கடைசியில் கண்ணாம்பா அந்த வாக்கிலிருந்து மகனை விடுவிக்கிற நொடியில்தான் சங்கிலி தெறிக்குது.

ஹாம்லெட்டைத் தடுத்தது அவன் மனசு. மனோகரனைத் தடுத்தது உறவு. ஹாம்லெட் தனி ஆள், அதனால தனக்குள்ளேயே பேசிக்கிட்டே இருக்கான். மனோகரன் தனி ஆள் இல்ல. அவன் கோபம்கூட அவனுக்கு மட்டும் சொந்தம் இல்ல.

இதே மாதிரி இன்னொரு காத்திருப்பு நம்ம தென்னார்க்காட்டுக் கிராமங்களுக்கு ரொம்பப் பழக்கம். திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து பார்த்தவங்களுக்குத் தெரியும். சபையில் அவமானப்பட்ட பாஞ்சாலி கூந்தலை முடியாம சபதம் போடுறா. 12 வருஷம் காடு, 1 வருஷம் தலைமறைவு, அப்புறம் போர். படுகளத்தன்னிக்கு மண்ணில் செய்த பெரிய துரியோதனன் உருவத்துக்குப் பக்கத்தில் வந்துதான் கூந்தல் முடியப்படும். ஒப்புக்கொண்ட கெடு முடியுற வரைக்கும் பாண்டவர்கள் கௌரவர்கள் மேல போர் தொடுக்கலை. தயங்கினாங்கன்னு யாரும் சொல்றதில்லை. திருக்குறளில் 'காலம் அறிதல்'னு ஒரு அதிகாரமே இருக்கு, அதில் கொக்கு மாதிரி காத்திருக்கச் சொல்றார் வள்ளுவர்.

தயங்காதவர்கள்

எதிர்ப் பக்கத்தையும் பார்க்கணும். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தயங்கலை. ராணியோட ஊடலைத் தீர்க்கப் போற அவசரத்தில், பொற்கொல்லன் சொன்ன ஒரே வார்த்தையை நம்பி ஆணை போட்டான். கோவலன் செத்தான். அப்புறம் கண்ணகி வந்து சிலம்பை உடைச்சா. ராணி சிலம்பில் இருந்தது முத்து, கண்ணகி சிலம்பில் இருந்தது மாணிக்கம். அந்தச் சோதனையைப் பண்ண எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு நிமிஷம். ஹாம்லெட் செய்த சோதனையைப் பாண்டியன் செய்யலை, அவ்வளவுதான்.

எங்க ஊர் பெண்ணாடத்துக்கும் இப்படி ஒரு கதை இருக்கு. 63 நாயன்மார்களில் ஒருத்தரான கலிக்கம்பர் எங்க ஊர்க்காரர். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்ற கதை இது. சிவனடியார்கள் வீட்டுக்கு வர்றாங்க. கலிக்கம்பர் அவங்க காலைக் கழுவ, மனைவி தண்ணி ஊத்துறாங்க. அப்போ வந்த ஒருத்தர் முன்னாடி அவங்க வீட்டில் வேலை செய்தவர். மனைவி ஒரு நொடி நிறுத்துறாங்க. கலிக்கம்பர் மனைவியோட கையை வெட்டிட்டு, கரகத்தைத் தானே வாங்கித் தண்ணி ஊத்திக் கழுவுறார்.

சேக்கிழார் இதைப் பக்தியோட உச்சமா சொல்றார். இன்னிக்கு நாம படிக்கும்போது அந்த வெட்டுப்பட்ட கை நம்மை விடாது. ஆனா எனக்கு இந்தக் கதையில் முக்கியமா படுறது அந்த நொடித் தயக்கம். அது என்ன தயக்கம்? 'நம்ம வீட்டு வேலைக்காரன் காலுக்கு நான் தண்ணி ஊத்துறதா?' வேலைக்காரரா இருந்தவர் காலைக் கழுவத் தயங்காத கலிக்கம்பர் அந்த இடத்தில் பெரியவர்தான்.

அப்போ தயக்கம் ரெண்டு வகை. கெடுதல் செய்யக் கை தயங்குறது ஒண்ணு. நல்லது செய்யக் கை தயங்குறது இன்னொண்ணு. 'தயக்கம்'ங்கிற ஒரே வார்த்தையில் இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறதாலதான் ஹாம்லெட்டைக் கோழைங்கிறோம்.

கதை இல்லாத ஒரு கதை

இதை எழுதும்போது விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையை நினைக்காம இருக்க முடியலை. 2003 ஜூலையில் நடந்த கண்ணகி – முருகேசன் கொலை. முருகேசன் தலித், கெமிக்கல் என்ஜினியரிங் படிச்சவர். நம்மள மாதிரி ஒரு என்ஜினியர். கண்ணகி வன்னியர் சமூகம். ரெண்டு பேரும் ரகசியமா பதிவுத் திருமணம் செய்துக்கிட்டாங்க. கண்டுபிடிச்ச பெண் வீட்டார் ரெண்டு பேருக்கும் காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றிக் கொன்னு எரிச்சாங்க.

கொன்னவங்களுக்குத் தயக்கம் இல்ல. 'மானம்'னு ஒரு வார்த்தை போதுமா இருந்தது. லேயர்டீஸ் கையில் இருந்த விஷ வாள் மாதிரிதான் அந்த வார்த்தையும். தயங்கினது காவல்துறை. உடனே வழக்குப் பதியலை. 2004-ல் வழக்கு சிபிஐ கைக்குப் போச்சு. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் ஒருத்தருக்குத் தூக்கு, 12 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. தண்டனை பெற்றவங்களில் ரெண்டு போலீஸ் அதிகாரிகளும் இருந்தாங்க. 2022-ல் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைச்சது, ரெண்டு பேரை விடுதலை பண்ணுச்சு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது.

2003-லிருந்து 2025. இருபத்திரண்டு வருஷம். முருகேசன் குடும்பம் அத்தனை வருஷமும் அரிவாளை எடுக்கலை. சாட்சி சொன்னாங்க, மனு போட்டாங்க, கோர்ட் வாசலில் நின்னாங்க. ஹாம்லெட்டுக்கு இல்லாத ஒண்ணு, ஒரு நீதிமன்றம், அவங்களுக்கு இருந்தது. அது வந்து சேர இவ்வளவு தாமதம் ஆனது அந்தக் குடும்பத்தோட குற்றம் இல்ல, நம்ம அமைப்போட குற்றம்.

பழிக்கும் நீதிக்கும் நடுவில் இருக்கிறது ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் ஆதாரம் தேடலாம், சாட்சியைக் கேட்கலாம், ஆள் யாருன்னு திரையை விலக்கிப் பார்க்கலாம். இது எதுவுமே செய்யாம வெறும் கோபத்தை ஊற வெச்சா, ஜெப அறையிலிருந்து வெளியே வந்த ஹாம்லெட் ஆவோம். இடைவெளியே வேணாம்னா லேயர்டீஸ் ஆவோம்.

நினைவில் வைக்க

1. ஹாம்லெட்டின் முதல் பாதித் தாமதம் ஆதாரத்துக்காக. ஆதாரம் கிடைச்ச பிறகு வர்ற தாமதம் அளவுக்கு மீறிய பழிவெறியால்.
2. அழிவின் தொடக்கம் பொலோனியஸ் கொலை. அது தாமதம் இல்ல, அவசரம்.
3. காத்திருப்பு (பாண்டவர், ஆம்லெத்) வேற, தயக்கம் (ஹாம்லெட்) வேற, கட்டுப்படுதல் (மனோகரன்) வேற.
4. கெடுதல் செய்யத் தயங்குறதும் நல்லது செய்யத் தயங்குறதும் ஒண்ணு இல்ல.

உங்களுக்கு ஒரு கேள்வி: ஜெபம் பண்ற கிளாடியஸை ஹாம்லெட் அப்பவே கொன்னிருந்தா, மிச்சம் ஏழு பேரும் பிழைச்சிருப்பாங்க. அப்போ அதுதான் சரியா? இல்ல, நிராயுதபாணியா மண்டி போட்டிருக்கிறவனை முதுகில் குத்துறது இன்னொரு கிளாடியஸை உருவாக்குறதா? நான் ரெண்டாவது பக்கம். மாத்திச் சொல்றவங்க அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க, சேர்ந்து விவாதிப்போம்.

நேரம் கிடைச்சா 'மனோகரா'வை ஒரு தடவை முழுசா பாருங்க. மீம்ல பார்த்ததை விட நிறைய இருக்கு.